எத்தனை தலைகளில் கை வைப்பாள்?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள், அழகுக்கலைதான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். காரைக்குடியில் ஒரு தனியார் நிலையம் மூன்று மாதப் பயிற்சி என்கிறது. மதுரையில் இன்னொன்று ‘சர்வதேச டிப்ளமோ’ என்று சொல்லி, நகையை அடகு வைத்தால்தான் கட்ட முடியும் என்னும் அளவுக்குக் கட்டணம் கேட்கிறது. அவளுடைய அப்பாவோ அரசு ஐ.டி.ஐ. போதும் என்கிறார். என் மாமியாருக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி என்னும் அழகுக்கலைப் பிரிவு ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே இதற்குப் போதுமானது. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறுவோருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது. அரசு ஐ.டி.ஐ.க்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இல்லை என்பதால், எந்த ஊரில் இருக்கிறது, அங்கே விடுதி உண்டா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தனியார் நிலையம்தான் என்றாலும் தவறில்லை. பணம் கட்டுவதற்கு முன் மகளையும் அழைத்துக்கொண்டு சென்று, வகுப்பு நடக்கும் நேரத்தில் அரைநாள் அங்கே உட்கார்ந்து பாருங்கள். மாணவிகள் டம்மித் தலையில் மட்டும் கத்தரி பிடிக்கிறார்களா, உண்மையான வாடிக்கையாளருக்கும் செய்கிறார்களா, படிப்பு முடிவதற்குள் ஒருத்தி எத்தனை பேருக்கு முடி வெட்டியிருப்பாள், எத்தனை பேருக்கு ஃபேஷியல் செய்திருப்பாள் என்று கேளுங்கள். இதற்கு எண்ணிக்கையோடு பதில் சொல்ல முடியாத இடத்தில், ஆசிரியை செய்வதை மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதே பாடமாக இருக்கக்கூடும்.

அடுத்ததாக, தலைச்சாயம் பூசுவதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா-ஃபினைலீன்டையமீன் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்ப்பது முறை. கருவிகளை எப்படிக் கிருமி நீக்குகிறார்கள் என்பதையும் நேரில் பாருங்கள். இரத்தம் பட்ட ஒரு பிளேடு ஹெபடைட்டிஸ் பி நோயைப் பரப்பப் போதுமானது. ஊசி போடுவதையும் லேசர் சிகிச்சையையும் சேர்த்துக் கற்றுத் தருகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அது தோல் மருத்துவருடைய வேலை.

‘சர்வதேச’ என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். சூரிச்சைத் தலைமையிடமாகக் கொண்ட அழகுக்கலை அமைப்பான சிடெஸ்கோ போன்ற வெளி அமைப்பு தேர்வு நடத்துகிறதா, அல்லது நிலையமே தேர்வு வைத்துத் தன் பெயரிலேயே அச்சடித்துக் கொடுக்கிறதா என்று கேட்டால் பாதி உண்மை வெளிவந்துவிடும். வெளி அமைப்பு என்றால், அதன் இணையதளத்தில் அந்த நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், ஐ.டி.ஐ.யில் இடம் கிடைக்குமானால் அந்த ஓராண்டை முடித்துவிட்டு, மணப்பெண் அலங்காரத்துக்கு மட்டும் ஒரு குறுகிய பயிற்சியைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். பிறகு நம் பக்கத்தில் திருமணங்களுக்குப் போகும் அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரு முகூர்த்தப் பருவம் முழுவதும் உதவியாக இருக்கட்டும். நகரத்தார் மணப்பெண்ணின் கனமான தங்கத் தாலியான கழுத்திருவைப் பூட்டும்போது புடவையின் மடிப்பு குலையாமலும் பெண்ணுக்குக் கழுத்து நோகாமலும் பார்த்துக்கொள்ளும் பக்குவத்தை எந்தப் பாடத்திட்டத்திலும் எதிர்பார்க்க முடியாது. உங்கள் மாமியாரையும் அப்படி ஒரு கல்யாண வீட்டுக்கு அழைத்துச் சென்று, விடியற்காலையில் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்தவரை அந்த வீட்டு ஆச்சிமார் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டினால் போதும். பணத்துக்குப் பிணையாக அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டாம்.