மருத்துவர் பதில்கள்: வலி மாத்திரையும் வலிப்பும்

கேள்வி: என் கணவருக்கு வயது 42, லாரி ஓட்டுகிறார். முதுகுத்தண்டில் ஜவ்வு விலகியதற்காக எழுதிக் கொடுத்த டிராமடால், பாராசிட்டமால் கலந்த மாத்திரையை (37.5 + 325 மி.கி.) இரண்டு ஆண்டுகளாக அதே பழைய சீட்டைக் காட்டி வாங்குகிறார். மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராமும் சாப்பிடுகிறார். சென்ற மாதம் வலி தாங்காமல், பகலில் போட்ட நான்கு போக, இரவில் எட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. ஸ்கேனில் கோளாறு இல்லை. மாத்திரைக் கணக்கை மருத்துவமனையில் சொல்லவில்லை. இப்போது தினம் நான்கு மாத்திரை போடுகிறார். உடனே நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் தந்திருக்கும் கணக்கே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பன்னிரண்டு மாத்திரையில் டிராமடால் 450 மி.கி.; பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவே 400 மி.கி. தான். பாராசிட்டமாலும் 4 கிராமை நெருங்கிவிட்டதால், கல்லீரல் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

டிராமடால் ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து) வகையைச் சேர்ந்ததென்றாலும் மார்ஃபினைப் போல ஒரே வழியில் வேலை செய்வதில்லை. செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் ஆகிய வேதிப்பொருள்களை நரம்பு முனைகள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும் அது தடுக்கிறது. இதனால் வலி தணியும். ஆனால் மூளை வலிப்புக்கு எளிதில் ஆட்படும் நிலையும் உண்டாகும். எஸ்சிடாலோபிராமும் செரட்டோனினைக் கூட்டும் மருந்து என்பதால், இரண்டும் சேரும்போது ஆபத்து மேலும் ஏறுகிறது. மதுப்பழக்கம், பழைய தலைக்காயம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு வழக்கமான அளவிலேயே வலிப்பு வரக்கூடும். பெரும்பாலும் மருந்து உட்கொண்ட 24 மணி நேரத்துக்குள் வரும். உங்கள் கணவருக்கு நேர்ந்ததும் அதனோடு பொருந்துகிறது. எனினும் வேறு காரணம் இல்லையென்று நரம்பியல் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும்.

அந்த மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். வலிப்பு வந்த இளைஞன் ஒருவனின் தாய், மகனின் தலையணைக்கடியில் கிடந்த காலி மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு, அழுதுகொண்டே என் மேசைமேல் கொட்டினார். அந்த அட்டைகள் இல்லாமலிருந்தால், தேவையே இல்லாத வலிப்பு மாத்திரைகளை அவனுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்திருப்போம்.

இரண்டு ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினால் வியர்வை, உடல்வலி, வயிற்றுப்போக்கு, பதற்றம் எல்லாம் வாட்டும். வலி தாங்காமல் அவர் மறுபடியும் அளவு மீறிப் போட்டுக்கொள்ளவும் கூடும். ஆகவே நீங்களாக நிறுத்தாமல், நாளையே மருத்துவரைப் பாருங்கள். எப்படிக் குறைப்பது, வலிக்கு மாற்றாக என்ன கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக வேண்டாம், மதுவும் கூடாது. எஸ்சிடாலோபிராமையும் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை அவர் லாரியைத் தொடவே கூடாது. பிழைப்பு என்றாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

பழைய சீட்டுக்கு மருந்து கொடுத்த கடைக்காரர் செய்தது தவறு. டிராமடால் எச்1 பட்டியல் மருந்து; அதாவது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதது. 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின்கீழும் வருகிறது. கணவரால் அளவைக் கட்டுப்படுத்த முடியவில்லையென்றால், 14446 என்ற கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் நிற்குமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: நிற்காது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கும்; அந்த நேரத்தில் கையில் இருந்த இரும்புக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, மூச்சு மந்தமாகி உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அருகில் கிடக்கும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் ஆம்புலன்சில் ஏற்றிவிடுங்கள்.