பி.காம் முடித்துவிட்டு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்தவர் கம்ப்யூட்டர் படிக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். திருநெல்வேலியில் பி.காம், அப்புறம் சில வருடம் ஆடிட்டர் ஆபீஸில் டேலி. நிரந்தரவாசியாக டொராண்டோ வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூடப் பார்க்கவில்லை. கிடங்கில் வேலை. கம்ப்யூட்டர் பக்கம் போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸா, கல்லூரியில் டிப்ளமோவா, ஓர் ஆண்டில் முடிகிற டேட்டா சர்டிஃபிகேட்டா என்பதுதான் கேள்வி. கூடவே, "இங்கே கல்லூரி என்றால் மட்டமா அண்ணா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். நம்மூரில் பல்கலைக்கழகத்துக்குக் கீழே கல்லூரி இருக்கும். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் இரண்டும் தனித்தனி உலகம். மொத்தம் 24 அரசுக் கல்லூரிகள். பெரும்பாலானவை 1960களில், வேலைக்கு ஆளைத் தயார்படுத்துவதற்கென்றே தொடங்கப்பட்டவை. அதில் முதலாவது உங்கள் வீட்டுப் பக்கமே இருக்கிறது: 1966இல் ஸ்கார்பரோவில் தொடங்கிய செண்டேனியல். கல்லூரியில் இரண்டு ஆண்டு டிப்ளமோ, மூன்று ஆண்டு அட்வான்ஸ்டு டிப்ளமோ, ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு ஓராண்டு கிராஜுவேட் சர்டிஃபிகேட் எல்லாம் உண்டு. சில இடங்களில் நான்கு ஆண்டுப் பட்டமும் தருகிறார்கள். மட்டம் என்று சொல்வது ஊரில் கல்யாணப் பேச்சு பேசுகிறவர்கள்தான். நான் இருக்கும் வங்கியின் டேட்டா பிரிவில் பல்கலைக்கழகத்தாரும் கல்லூரிக்காரர்களும் பக்கத்து பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நான்கு ஆண்டு. கால்குலஸ், டிஸ்க்ரீட் மேத்ஸ், அல்காரிதம் என்று கணிதத்தின் மேல் கட்டியது. பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தவர் அந்தக் கணிதத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் வாசலுக்கே போக முடியும். ஆராய்ச்சி ஆசை இருந்தால் போங்கள். வாடகை கட்டிக்கொண்டு, ஊருக்கும் பணம் அனுப்பிக்கொண்டு படிப்பவருக்கு அது நீளமான வழி.

டிப்ளமோவில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்ப்போம். செனெகா என்ற இன்னொரு அரசுக் கல்லூரியின் கம்ப்யூட்டர் புரோகிராமிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபின்ச் சாலையும் 404 நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் நியூன்ஹாம் வளாகம், 39ஆம் எண் பஸ் வாசலில் விடும். நான்கு செமஸ்டர். தொடக்கமே சி மொழி, அப்புறம் சி பிளஸ் பிளஸ். லினக்ஸ் கமாண்ட், டேட்டாபேஸ், வெப், ஆங்கிலத்தில் எழுதும் பாடம் ஒன்று எல்லாம் வரும். முதல் செமஸ்டரில் பாதிப்பேருக்கு மூச்சு முட்டுவது சி மொழியில்தான், பாயிண்டர் (நினைவக முகவரியைக் கையாளும் பகுதி) வரும் வாரத்தில். அந்த வாரத்தில் யாரோ ஒருவர் போன வருட அசைன்மெண்ட்டை வாட்ஸாப்பில் அனுப்புவார். தொடாதீர்கள். இரண்டு புரோகிராமை ஒப்பிட்டு, வேரியபிள் பெயரை மாற்றியிருந்தாலும் கண்டுபிடிக்கிற மென்பொருள் இருக்கிறது. நேர்மைக் குற்றம் என்று பதிவானால் அந்தப் பாடம் போவதோடு நிற்காது.

இனி, உங்களுக்கு நான் உண்மையில் சொல்ல நினைப்பது. இப்போது விளம்பரங்களில் மின்னுவது ஏஐ, மெஷின் லேர்னிங் என்று தலைப்பில் போட்ட ஓராண்டுப் படிப்புகள். ஆனால் இந்த ஊரில் டேட்டாவை வைத்துச் சாப்பிடுகிற பெரும்பாலோர் செய்வது பழைய டேட்டா பிராசஸிங்தான்: ஓர் இடத்திலிருந்து வரும் தகவலை வாங்கி, சுத்தம் செய்து, பொருத்தி, சரிபார்த்து, இன்னோர் இடத்தில் போடுவது. கனடாவின் ஐந்து பெரிய வங்கிகளும் டொராண்டோ டவுன்டவுனில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வங்கித் துறையில் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினிகளும் கோபால் (COBOL) என்ற பழைய புரோகிராமிங் மொழியும் இன்னும் சாகவில்லை. அன்றைய கணக்குகளை மொத்தமாக ஓட்டும் பேட்ச் இரவில் ஓடி முடிந்தால்தான் காலையில் ரிப்போர்ட் வரும். அதைச் சுற்றி, டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல் மொழி, எக்ஸெல், சாஸ் (SAS), பவர் பிஐ என்ற கருவிகள், பைத்தான் மொழி.

அந்த வேலை கிட்டத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு வாடிக்கையாளர் பட்டியலைப் பாருங்கள். தேதி என்ற பத்தியில் 03/04 என்று இருக்கிறது. ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? அமெரிக்காக்காரன் மாதத்தை முன்னால் போடுவான், நாம் நாளை முன்னால் போடுவோம், கனடாவில் இரண்டும் புழங்குகிறது. அடுத்த பத்தியில் அஞ்சல் குறியீடு. இங்கே ஆறு எழுத்து, ஓர் ஆங்கில எழுத்து ஓர் எண் என்று மாறி மாறி வரும். டொராண்டோ முழுக்க எம் (M) எழுத்தில் தொடங்கும். குறியீட்டில் ஓ (O) என்ற எழுத்தே கிடையாது. சைபர், ஒன்று போன்றவற்றோடு குழம்பக் கூடாது என்பதால் ஓ, ஐ போன்ற சில எழுத்துகளை அஞ்சல்துறை விட்டுவிட்டது. ஆகவே ஓ வந்திருந்தால் யாரோ சைபரைத் தவறாக அடித்திருக்கிறார் என்று ஒரே வரி எஸ்.க்யூ.எல்லில் பிடித்துவிடலாம். அப்புறம் பெயர். நம் ஆட்கள்தான் இதில் ராஜா. ஒரு ஃபாரத்தில் இனிஷியல் கடைசிப் பெயராகிவிடும், இன்னொன்றில் அப்பா பெயர் முதல் பெயராகிவிடும். ஒரே மனிதருக்கு இரண்டு கணக்கு, இரண்டு கடிதம். இந்த இரண்டும் ஒருவர்தான் என்று எந்த விதியை வைத்து முடிவு செய்வது? பிறந்த தேதியும் முகவரியும் ஒத்துப்போனால் போதுமா? ஒரே வீட்டில் இரட்டையர் இருந்தால்? இந்த மாதிரிக் கேள்விகளில்தான் நாள் போகும்.

இதில் நீங்கள் ஏற்கெனவே பாதி ஆள். பேங்க் ஸ்டேட்மெண்டையும் லெட்ஜரையும் வைத்துக்கொண்டு வித்தியாசம் எங்கே என்று ராத்திரி வரை தேடியிருப்பீர்களே, இரண்டு டேபிளைச் சேர்த்துப் பொருந்தாத வரிகளை எடுப்பதும் அதே வேலைதான். டெபிட் கிரெடிட் புரிந்த ஒருவர் எஸ்.க்யூ.எல்லும் எழுதினால், வங்கி, காப்பீடு, ஊதியக் கணக்குத் துறைகளில் அவர் பேச்சு தனியாகக் கேட்கும். வெறும் புரோகிராமராகப் போட்டி போட்டால் இருபது வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்க வேண்டும். புதியவர்களுக்கான புரோகிராமர் வேலை இப்போது குறைந்திருக்கிறது, அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

அதனால் என் யோசனை: கோ-ஆப் உள்ள இரண்டு ஆண்டு டிப்ளமோ, டேட்டாபேஸ் பாடங்கள் அதிகம் இருப்பதாகப் பார்த்து. கோ-ஆப் என்றால் நடுவில் ஒரு செமஸ்டர் சம்பளத்தோடு வேலை. கல்லூரி வேலை பட்டியல் காட்டும், நேர்காணலுக்குத் தயார் செய்யும். வேலையை வாங்குவது உங்கள் பொறுப்பு. மதிப்பெண் குறைந்தால் கோ-ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேலை விளம்பரத்தில் "கனடிய அனுபவம் தேவை" என்று 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் எழுதக் கூடாது என்று 2026 ஜனவரி முதல் ஒண்டாரியோவில் சட்டம் இருக்கிறது. விளம்பரத்தில் இருந்து போனது மனேஜர் மனதிலிருந்தும் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. கோ-ஆப் அதற்கான மருந்து. ஓராண்டு கிராஜுவேட் சர்டிஃபிகேட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடிங் ஓரளவு தெரிந்தவருக்கு அது நல்லது. ஒன்றும் தெரியாமல் போனால் அந்த ஒரு வருடம் ஸ்லைடு பார்ப்பதிலேயே போய்விடும்.

காசு விஷயம். நிரந்தரவாசிக்கு உள்ளூர்க் கட்டணம்தான். சர்வதேச மாணவர்கள் கட்டுவது அதைப்போல் பல மடங்கு. உள்ளூர்க் கட்டணத்தை மாகாண அரசு 2019இல் 10 விழுக்காடு குறைத்து, அப்புறம் பல வருடம் ஏற விடவில்லை. ஓசாப் என்ற அரசு உதவிக்கு நிரந்தரவாசிகள் விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் உதவித்தொகை, மீதி கடன். வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதையும் பார்ப்பார்கள், எனவே கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பிளாசாவில் மாடியில் போர்டு வைத்த தனியார் "கேரியர் காலேஜ்" ஒன்றில் ஆறு மாதத்தில் டேட்டா அனலிஸ்ட் ஆக்குகிறேன் என்பார்கள். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் பெரிய தொகை கட்டி முடித்தபோது, கையில் இருந்த கிரெடிட்டை எந்த அரசுக் கல்லூரியும் ஏற்கவில்லை. பணம் கட்டும் முன் "இந்தப் பாடத்தை செண்டேனியலோ செனெகாவோ ஏற்குமா, எழுத்தில் தருவீர்களா" என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதே டிப்ளமோவுக்குப் பாய வேண்டாம். மாலை நேரப் பகுதிநேர வகுப்பில் டேட்டாபேஸ் பாடம் ஒன்று மட்டும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் டிப்ளமோவிலும் சேர்த்துக்கொள்ளலாம், சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். டொராண்டோ பொது நூலக அட்டை இலவசம், அதை வைத்து லிங்க்ட்இன் லேர்னிங் வகுப்புகளையும் இலவசமாகப் பார்க்கலாம். ஷிஃப்ட் முடிந்து வந்து, கண் எரிச்சலோடு இரண்டு டேபிளைச் சேர்க்கும் ஒரு ஜாயின் ஏன் இரட்டை இரட்டையாக வரி தருகிறது என்று தேட மனம் வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். வரவில்லை என்றால் கணக்குத் துறையிலேயே இங்கே சிபிஏ (நம்மூர் சி.ஏ. போன்ற கணக்காளர் தகுதி) வழி இருக்கிறது, அதைத் தனியாகப் பேசுவோம்.

மனம் வந்தால், ஒண்டாரியோ கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் ஐந்து படிப்புகள் வரை தேர்வு செய்யலாம். ஒரே கல்லூரியில் அதிகபட்சம் மூன்று. செப்டம்பர், ஜனவரி, பல இடங்களில் மே என்று சேர்க்கை உண்டு. குடிவரவுக்காக வாங்கிய பட்ட மதிப்பீடு போதாமல், பாடவாரியான மதிப்பீடு கேட்கக் கூடும். அதற்கு மதிப்பெண் பட்டியல் உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீடு செய்யும் அமைப்புக்கு நேராகப் போக வேண்டும். ஊரில் யாராவது ஒரு நாள் ஒதுக்கி அங்கே போய் நின்றால்தான் நகரும். தங்கச்சியையோ மச்சானையோ இந்த வாரமே அனுப்பி வையுங்கள்.