‘34-க்கு 28 போதுமா?’ பிரான்ஸ் மலைச் சாலைகளில் சைக்கிள்: வாசகர் கேள்வி–பதில்

கே: ஜூன் கடைசியில் பெதுவான் ஊரிலிருந்து மோன் வாந்து மலை ஏறப் போகிறேன். சைக்கிளில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரம் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரை போகும் பல்சக்கர அடுக்கு, அதாவது 11-28 கேசட். என் எடை 75 கிலோ. சமதளத்தில் மணிக்கு 28 கி.மீ. போகிறவனுக்கு இந்த கியர் போதாதா?

ப: போதாது. சமதளத்து வேகத்தை வைத்து மலையைக் கணக்குப் போட்டுத்தான் பலர் பாதியில் இறங்கித் தள்ளுகிறார்கள். சமதளத்தில் தடுப்பது காற்று. குனிந்து ஓட்டினால் அதைக் கொஞ்சம் ஏய்த்துவிடலாம். செங்குத்தில் தடுப்பது எடை, அங்கே எந்த ஏய்ப்பும் பலிக்காது.

பெதுவானிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 21 கி.மீ., உயர வேண்டியது 1,600 மீட்டர். முதல் ஐந்தாறு கி.மீ. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 4-5%-தான். செந்த் எஸ்தேவ் வளைவில் இடப்பக்கம் திரும்பியதும் காடு தொடங்கும். அங்கிருந்து ஷாலே ரெய்னார் (1,417 மீ.) வரை ஒன்பது கி.மீ.க்கு மேல், சராசரி 9%-ஐத் தாண்டும், மூச்சு விட ஒரு தட்டையான இடம்கூடக் கிடையாது.

உங்கள் எடையோடு சைக்கிள், தண்ணீர், உடை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைப்போம். 28 மி.மீ. டயர், நிமிடத்துக்கு 60 மிதி. 34-க்கு 28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28 பல்) வேகம் மணிக்கு 9.3 கி.மீ.; 9.5% சரிவில் அதற்குச் சுமார் 225 வாட் வேண்டும். அதே 60 மிதியை 34-க்கு 34 கியரில் போட்டால் வேகம் 7.7 கி.மீ., தேவை 185 வாட். காட்டைக் கடக்க ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றேகால் மணி ஆகும், அவ்வளவுதான். 225 வாட்டை ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியவரானால் பழைய கேசட்டே இருக்கட்டும். முடியாதவர் அதே கியரில் என்ன செய்வார்? மிதி 60-லிருந்து 45-க்கு இறங்கும், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் நோகும், ஷாலே ரெய்னார் வருவதற்குள் தொடை இறுகிவிடும்.

ஆக 11-34 கேசட் மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் மூன்று விஷயம். ஒன்று, பின் டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று அதன் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். உருளைகளைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ள டெரெய்லர்கள் பலவும் தாங்காது. இரண்டு, செயின் நீளம். முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றி, டெரெய்லரைத் தொடாமல் செயினைப் பிடித்து, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விடுங்கள். பழைய செயினையே விட்டால், களைப்பில் தவறி 50-க்கு 34 கியருக்கு மாற்றும் அந்த ஒரு கணத்தில் டெரெய்லர் முறுக்கிக்கொண்டு கொக்கியோடு பிய்ந்துவரும். மூன்று, டெரெய்லரின் மேல் உருளைக்கும் கேசட்டின் பெரிய பல்லுக்கும் நடுவே 5-6 மி.மீ. இடைவெளி இருக்கும்படி பின்பக்கச் சிறு திருகைச் சரிசெய்யுங்கள். நெருங்கினால் கரகரவென்று உரசும். ரொம்ப விலகினால் கியர் சோம்பலாக விழும்.

இதைவிட இலகுவாக ஏற விரும்புபவருக்கு 46/30 முன்பல் உண்டு. 30-க்கு 34-இல் தேவை 165 வாட் பக்கம் இறங்கிவிடும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கே: மோன் வாந்து ஏற மூன்று வழி என்கிறார்களே, எது சுலபம்?

ப: சோ ஊர் வழி. 26 கி.மீ. நீளம், ஆனால் ஷாலே ரெய்னார் வரையிலான 20 கி.மீ. சாந்தமாக இருக்கும். அதற்குப் பிறகு பெதுவான் வழியோடு சேர்ந்து அதே வெள்ளைச் சுண்ணாம்புக் கல் வெளியில் கடைசி 6 கி.மீ.; அங்கே சலுகை கிடையாது. மலோசேன் வழி நீளத்தில் பெதுவானை ஒத்தது, ஆனால் குணம் வேறு: கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பிறகு சில கி.மீ. 10%-க்கு மேல் நெஞ்சைப் பிடிக்கும். மூன்றையும் ஒரே நாளில் ஏறியவர்களுக்கென்று 1988 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. சங்கத்தின் பெயரிலேயே ‘கிறுக்கர்கள்’ என்று பொருள்படும் சொல் உண்டு.

வழியைவிட நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மிஸ்த்ரால் என்னும் வடக்குக் காற்று வீசும் நாளில் காட்டுக்குள் ஒன்றும் தெரியாது. மரம் முடிந்ததும் பக்கவாட்டில் தள்ளும், உச்சிக்குச் சற்றுக் கீழே நேராக அறையும். அன்றைக்கு உயர விளிம்புச் சக்கரம் போட்டுக்கொண்டு வராதீர்கள். உச்சியில் பெதுவானைவிட 10 டிகிரி குளிர் அதிகம், வியர்த்த உடம்போடு இறங்கும்போது பல் கிட்டும். காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கே: இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகல் நாற்றம் வருகிறது. பழுதா?

ப: பெரும்பாலும் பழுது பிரேக்கில் இல்லை, பிடிக்கும் விதத்தில். 9% இறக்கத்தில் 25 கி.மீ. வேகத்திலேயே இருக்கும்படி பிடித்துக்கொண்டே வந்தால் சுமார் 400 வாட் வெப்பம் இடைவிடாமல் பிரேக்குக்குள் போகிறது, ஆற நேரமே இல்லை. அதே சாலையில் நேர்ப்பகுதியில் 45 கி.மீ. வரை விட்டால், சரிவு தரும் சக்தியில் பாதியைக் காற்றே வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவு வருமுன், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு விட்டுவிட்டு வளைவில் சாயுங்கள். சாய்ந்தபடி முன் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும்.

விளிம்பு பிரேக்கில் சூடு டயருக்குள் போய் டியூப் வெடிக்கலாம். கார்பன் விளிம்பில் விளிம்பே இளகக்கூடும். டிஸ்க் பிரேக்கில் கட்டை பளபளப்பேறிப் பிடி குறையும். புதுக் கட்டை மாட்டினால் மலைக்கு வருமுன் 25 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கப்போகும் வரை இருபது தடவை பிடித்துப் பழக்குங்கள்.

கே: வரைபடத்தைப் பார்த்து ஏற்றத்தை முன்கூட்டியே அறிய முடியுமா?

ப: மிஷ்லான் சாலை வரைபடத்தில் சாலைமேல் சிறு அம்புமுனைக் குறிகள் இருக்கும். ஒன்று என்றால் 5-9%, இரண்டு என்றால் 9-13%, மூன்று என்றால் 13%-க்கு மேல். சாலையோரம் பச்சைக்கோடு ஓடினால் அழகான வழி. அழகும் அம்புமுனையும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

பல கணவாய்களில் கி.மீ.க்கு ஒரு பலகையோ கல்லோ இருக்கும்: உச்சிக்கு எவ்வளவு தூரம், நிற்கும் உயரம், அடுத்த கி.மீ.யின் சராசரி சரிவு. அந்தச் சராசரியை அப்படியே நம்பாதீர்கள். ‘8%’ என்ற பலகைக்குப் பின்னால் 300 மீட்டர் 12% ஒளிந்திருக்கலாம்.

கே: வழியில் சாப்பாடு, தண்ணீர் கிடைக்குமா?

ப: காலையில் கிடைக்கும். பேக்கரிகள் ஏழு மணிவாக்கில் திறந்துவிடும். பகல் 12 முதல் 2, இரண்டரை வரை கிராமக் கடைகள் அடைத்துவிடும்; ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் கதவே திறக்காது. ஜூலை 14, ஆகஸ்ட் 15 விடுமுறை நாட்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். 250 கிராம் பாகெத் ரொட்டியில் பாதி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குக் காணும். பசித்த பிறகு தின்பது தாமதம். சர்க்கரை தீர்ந்து கண் இருட்டியபின் எந்த ரொட்டியும் உடனே உதவாது.

தண்ணீருக்குக் கிராமக் கல்லறைத் தோட்டங்களைப் பாருங்கள். பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். ‘நோன் பொதாப்ளு’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

கே: கார்க்காரர்கள், விதிகள் பற்றிச் சொல்லுங்கள்.

ப: ஊருக்கு வெளியே உங்களைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். அதற்காகத் தொடர்கோட்டைத் தாண்டவும் அதற்கு அனுமதி உண்டு. இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். தாண்ட வண்டி வந்தாலோ இருட்டினாலோ ஒருவர் பின் ஒருவர். காதில் கருவி மாட்டினால் அபராதம் 135 யூரோ. இரவில் ஊருக்கு வெளியே ஒளிர் மேலங்கி கட்டாயம்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வலப்பக்க முன்னுரிமையில். குறியெதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், அது எவ்வளவு குறுகிய சந்தானாலும். மஞ்சள் வைரப் பலகை கண்டால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் குறுக்கே கறுப்புக் கோடு போட்டிருந்தால் முன்னுரிமை முடிந்தது.

‘கிராவியோன்’ பலகை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். தாரைத் தெளித்து மேலே பொடிக்கல்லைக் கொட்டி, வண்டிகள் மிதித்து இறுகட்டும் என்று விட்டுவிடுவார்கள். கார் சக்கரம் போன தடத்திலேயே ஓட்டுங்கள். நடுவிலும் ஓரத்திலும் கல் குவிந்திருக்கும். அங்கே வளைவில் பிரேக் பிடிப்பது விழுவதற்குச் சமம். தாண்டியபின் நிறுத்தி, டயரில் ஒட்டிய கல்லைத் தட்டிவிடுங்கள்.

கே: ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா?

ப: பிராந்திய ரயில்களில் பெரும்பாலும் இலவசம், சீசனில் சில தடங்களில் முன்பதிவு கேட்பார்கள். அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு இடம் உள்ள வண்டியில் மட்டும், கட்டணம் கட்டி. மோன் வாந்துக்கு அவிஞ்ஞோனிலிருந்து கார்பந்த்ராஸ் வரை பிராந்திய ரயிலில் வந்து, அங்கிருந்து பெதுவானுக்கு 15 கி.மீ. ஓட்டினால் கால் சூடேறியிருக்கும்.

கே: 2023-இல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் போட்டி போன புய் த தோம் எரிமலையில் நானும் ஏறலாமா?

ப: முடியாது. 2012 முதல் அங்கே பல்சக்கர ரயில் ஓடுகிறது, சாலையில் பொதுவாகச் சைக்கிளுக்கு அனுமதியில்லை. 1988-க்குப் பிறகு போட்டியே 2023-இல்தான் திரும்பிப் போனது. அதே மத்திய மலைத்தொடரில் புய் மாரி பக்கம் பா த பெய்ரோல் கணவாய் (1,588 மீ.) இருக்கிறது. ல் ஃபால்கூ பக்கத்திலிருந்து ஏறினால் கடைசி இரண்டு கி.மீ. 10%-க்கு மேல், 34 பல் கேசட்டை அங்கேயும் கழற்ற வேண்டாம்.