கைபேசிப் பூட்டு மட்டும் போதுமா? கேள்வி பதில்

கே: அண்ணா, போனுக்குக் கைரேகைப் பூட்டு இருக்கு. போதாதா?

ப: போதாது. திருடன் பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவான்; உங்களுக்கு வரவேண்டிய ஓடிபி அவனுக்குப் போகும். அதை வைத்து ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றப் பார்ப்பான். ஜிமெயில் போனால் அதை நம்பியிருக்கும் கணக்குகளும் போச்சு. அதனால் முதல் வேலை, சிம்முக்குப் பின் போடுங்க. செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடினால் வரும். முதலில் பழைய பின் கேட்கும். அது சிம் கம்பெனி வைத்த எண்; கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, குத்துமதிப்பாக அடிக்காதீங்க. 3 முறை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே எண் (பூட்டிய சிம்மைத் திறக்கும் எண்) கேட்கும். அதையும் 10 முறை தப்பாக அடித்தால் புது சிம்தான். அடுத்து வாட்ஸ்அப்புக்கு 6 இலக்க பின். ஜிமெயிலுக்குப் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போன் பூட்டைத் திறந்தே உள்ளே போகும் முறை) அல்லது ஆத்தென்டிகேட்டர் ஆப் (எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே குறியீடு காட்டும் ஆப்).

கே: எந்த ஆன்டிவைரஸ் நல்லது?

ப: விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். இன்னும் விண்டோஸ் 10-ஆ? அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதைக் கவனிங்க.

கே: சிம் பின் போட்டால் நமக்குத்தான் நஷ்டம் சார். திருடன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் நெட் வராது. போன் எங்கே இருக்குன்னு எப்படித் தேடுறது?

ப: நியாயமான கேள்வி. ஆனால் சிம்மைத் தூக்கிப் போட்டாலும் நெட் போகத்தானே செய்யும்? போன் போனால் ஒரு போன். ஓடிபி போனால் வங்கிக் கணக்கு.

கே: நான் வைத்திருப்பது இசிம், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். கழற்ற முடியாதே?

ப: அப்படியானால் பாதி ஒத்துக்கொள்கிறேன். சிம் பின் போட்டால் நஷ்டம் என்ற வாதம் இசிம்முக்குப் பொருந்தும். பூட்டுத்திரையில் மெசேஜ் தெரியாதபடி மட்டும் மறைத்து வையுங்க. இல்லையென்றால் பூட்டைத் திறக்காமலே ஓடிபியைப் படித்துவிடுவான்.

கே: கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்பில் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தது. தங்கச்சி திறந்துட்டா.

ப: பத்திரிகை ஏபிகேயாக வராது, வரவே வராது! எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்திருந்தால் மேலே சொன்ன சிம் பின்னெல்லாம் வீண். உடனே ஏர்பிளேன் மோடு. வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்க. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

கே: இலவச ஆன்டிவைரஸ் ஒண்ணு சொல்லுங்களேன்?

ப: மேலே பாருங்க.

கே: லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கு...

ப: டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அது நிற்காது. என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைப்பது) வேண்டும், விண்டோஸ் புரோவில் அதற்குப் பிட்லாக்கர். அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அதே லேப்டாப்பில் சேமிக்காதீங்க.

கே: மொபைலுக்கு ஆன்டிவைரஸ்?

ப: அடுத்த கேள்வி.

கே: போன் தொலைஞ்சே போச்சு. இப்ப?

ப: சிம்மை முடக்குங்க, போலீஸில் புகார் கொடுங்க, அந்தப் புகாரை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்குங்க. எண் போன் டப்பாவில் இருக்கும். டப்பாவை எறிந்திருந்தால் வாங்கின பில்லைத் தேடுங்க.