பார்சிலோனாவில் ஒரே நாள், மூட்டுவலி உள்ள அம்மாவோடு கௌடியின் கட்டடங்கள்

ஒரே நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி, கட்டடக்கலைஞர் கௌடியின் கட்டடங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க் குவெல் பூங்காவை விட்டுவிடுங்கள். அழகான இடம்தான், ஆனால் மலைச்சரிவு. ஏறி இறங்கியே அம்மா களைத்துப்போவார்.

காலையில் நகருக்கு வெளியே உள்ள கொலோனியா குவெல் என்ற பழைய தொழிலாளர் குடியிருப்புக்குப் போங்கள். பிளாசா எஸ்பான்யா சதுக்கத்திலிருந்து ரயில் உண்டு. இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும், அதனால் அம்மாவுக்காக டாக்சி எடுத்தாலும் சரி. அங்கே பார்க்க வேண்டியது, 1914-இல் பாதியில் நின்றுபோன கௌடியின் தேவாலயத்தின் கீழ்த்தளம். உள்ளே சாய்ந்து நிற்கும் கருங்கல் தூண்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கயிறுகளில் ஈயக்குண்டுப் பைகளைத் தொங்கவிட்டு, அவை எடுத்த வளைவைத் தலைகீழாக்கித்தான் அந்தச் சாய்வைக் கணக்கிட்டார் மனுஷன்! இதைப் பார்த்துவிட்டுப் போனால் அவருடைய பெரிய தேவாலயமான சக்ராதா ஃபமீலியா இன்னும் நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம்.

அப்புறம் சக்ராதா ஃபமீலியா. பிற்பகல் நேரத்துக்கு இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். மேற்குப் பக்கக் கண்ணாடிகள் சிவப்பும் ஆரஞ்சும்; வெயில் சாயச் சாய, மரம்போல் கிளைவிடும் தூண்களில் அந்த நிறம் மெல்ல ஏறும். அம்மா உட்கார்ந்தபடியே ரசிக்கலாம், அவசரப்படுத்தாதீர்கள். கோபுர டிக்கெட் மட்டும் வேண்டாம். ஏறுவதற்கு லிஃப்ட் இருக்கிறது, இறங்குவதற்குக் குறுகலான சுழற்படிகள்தான்.

கௌடி புதுப்பித்த வீடான காசா பாத்யோவின் முகப்பைத் தெருவில் நின்றே பார்த்துவிடலாம்.