அந்த ஏழு கிலோ

அன்புள்ள ஐயா,

அரூர் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி பார்க்கிறேன். கால்பந்து அணித் தேர்வுக்காக, சங்கிலியைப் பிடித்து இழுக்கும் முதுகு-கால் டைனமோமீட்டரில் பசங்களை ஒரு நாள் காலையில் அளந்தேன். ஒரு பையன் 112 கிலோ இழுத்தான். அடுத்த வாரம் மாலையில் அவனே 119. பயிற்சி இன்னும் தொடங்கவே இல்லை. மெஷின் பழுதா, பையன் முதல் நாள் ஏமாற்றினானா? இரண்டு நாள் அளவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு (கோரிலேஷன்) 0.9-க்கு மேல் வருவதால் சோதனை நம்பகமானது என்கிறார் கணக்குப் பேராசிரியர் ஒருவர். அப்புறம், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீடியோவைக் காட்டி, பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது) சோதனை வைக்கச் சொல்லிப் பசங்க நச்சரிக்கிறார்கள். வைக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெஷினையும் பையனையும் சந்தேகப்படுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். அவனுக்குச் சங்கிலியை எத்தனையாவது கண்ணியில் மாட்டினீர்கள்? ஒரு கண்ணி மாறினாலே முழங்கால் மடங்கும் கோணம் மாறும், கோணம் மாறினால் இழுவிசையும் மாறும். தாளில் பெயருக்குப் பக்கத்தில் கண்ணி எண்ணையும் எழுதுங்கள். முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இது போக, காலையைவிட மாலையில் தசை வலு பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். உடம்புச் சூடு கூடுவது ஒரு காரணம். முதல் தடவை இழுப்பவனுக்கு உத்தி பிடிபடாது, மறுதடவை பிடிபட்டுவிடும். சுற்றி நின்று நாலு பேர் "இழுடா இழுடா" என்று கத்தினாலும் எண் ஏறும்.

பேராசிரியர் சொன்ன கெழுவுக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரு தராசு எல்லாக் கூடைக்கும் ஒரு கிலோ கூட்டிக் காட்டினாலும், எது கனமான கூடை, எதைவிட எது எவ்வளவு கூடுதல் என்பது மாறாது. ஒட்டுறவும் அந்த ஒப்பீட்டைத்தான் பார்க்கும். உங்கள் பசங்க அத்தனை பேரும் ஏழு ஏழு கிலோ ஏறியிருந்தால்கூடக் கெழு 1 என்றே வரும். ஐ.சி.சி. என்கிற உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழுவில், அந்த ஏற்றத்தையும் கணக்கில் பிடிக்கும் வகையைப் போடச் சொல்லுங்கள்.

அதிலிருந்து அளவைப் பிழைக்குப் போகலாம். அணியின் திட்ட விலக்கம் (பசங்களின் அளவுகள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 10 கிலோ, ஐ.சி.சி. தரும் நம்பகத்தன்மை 0.91 என்று வையுங்கள். 1-லிருந்து 0.91 போனால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, அதைப் பத்தால் பெருக்கினால் பிழை 3 கிலோ. இரண்டு அளவிலும் பிழை உண்டு என்பதையும் 95 சதவீத உறுதியையும் சேர்த்து வரும் எண் 2.77; இதை அதனால் பெருக்கினால் சுமார் 8. ஒரே ஆளின் இரண்டு அளவுகள் 8 கிலோவுக்கு மேல் விலகினால்தான், 95 சதவீத உறுதியோடு மாற்றம் என்று சொல்லலாம். அந்தக் கணக்கில் உங்கள் பையனின் ஏழு கிலோ ஒன்றுமேயில்லை. இரண்டு கிலோ குறைந்தான் என்று எவனையாவது பட்டியலிலிருந்து எடுத்திருந்தால், தயவுசெய்து திரும்பச் சேருங்கள்.

இனி ஒரு நாள் சும்மா பழக விடுங்கள். பிறகு ஒரே நேரத்தில், ஒரே கண்ணியில், நடுவில் நன்றாக ஓய்வு கொடுத்து இரண்டு நாள் அளங்கள். உங்கள் அணிக்கான பிழை உங்கள் கையிலேயே கிடைத்துவிடும்.

பெஞ்ச் பிரஸ் விஷயம். அந்த வீடியோவில் இருப்பவர்கள் ஆடுவது வேறு ஆட்டம். பந்தைக் கையில் பிடித்து ஓடுவதும் ஆளை ஆள் தள்ளுவதும். அங்கே என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் தேர்வுக்குப் போகிறவர்கள் 225 பவுண்டை, அதாவது சுமார் 102 கிலோவை, எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடக்கூட அது வலுவைவிடத் தாக்குப்பிடிப்பையே அளக்கும். உங்கள் பசங்களில் பாதிப் பேர் அதை ஒரு தடவைகூடத் தூக்க மாட்டார்கள். பூஜ்யம் வாங்கிய பத்துப் பேரில் யார் வலுவானவன் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஆசைக்கு ஜிம்மில், தாங்குகிற எடையில் போடட்டும். தேர்வுத் தாளில் அந்தக் கட்டமே வேண்டாம்.