கரண்ட் இல்லாத தோப்பில் கேமரா: கார்த்திகை மழைக்கும் தாங்குமா?

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. கரண்ட் இணைப்பு இல்லை, டீசல் இன்ஜின் வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுகிறோம். ராத்திரியில் தேங்காய் களவு போகிறது. வீடு எட்டு கிலோமீட்டர் தள்ளி. சோலார் கேமரா சரிப்படுமா, எத்தனை வாங்கலாம்?

பதில்: சரிப்படும். ஆனால் மூன்று ஏக்கரையும் கேமராவில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மட்டை உரிக்காத காய் நூறு என்றாலே நூறு கிலோவைத் தாண்டும். திருடனுக்கு வண்டி வேண்டும். வண்டித்தடம் தோப்புக்குள் திரும்பும் இடத்தில் ஒரே ஒரு கேமரா, முதலில் அது போதும்.

வாங்குவதற்கு முன் அந்த இடத்தில் நின்று, ராத்திரி எட்டு மணிக்கு மேல், போனில் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். நிலையாக 2 எம்பிபிஎஸ் வராத சிம்மை ஒதுக்குங்கள். டவுன்லோடு எவ்வளவு வந்தாலும் இதற்கு உதவாது. கேமரா அந்த சிம் வழியாக வீடியோவை அனுப்பத்தானே போகிறது.

அடுத்தது கேமரா வகை. 24 மணி நேரமும் விழித்திருக்கும் 4ஜி கேமரா சராசரியாக 6 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 144 வாட்-அவர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் வெயிலே இல்லாமல் ஓட 288 வாட்-அவர் வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆகவே அதைப்போல் இரு மடங்கு கொள்ளும் 12 வோல்ட், 50 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் இன்னும் ஆழமாக இறக்கலாம், 30 ஏஹெச் போதும். பேனல் 100 வாட். 40 வாட் பேனலோடு கடையில் 'செட்'டாகத் தருவது சித்திரையில் ஜோராக ஓடும், மழை பிடித்ததும் படுத்துவிடும்.

உங்களுக்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் விழிக்கும் பேட்டரி கேமரா வாங்குங்கள். சிறிய பேனலே போதும், டேட்டாவும் மிச்சம். 1 எம்பிபிஎஸ் வீடியோவை ஒரு மணி நேரம் லைவாகப் பார்த்தால் 450 எம்பி கரையும், தினம் 1.5 ஜிபி பேக் மூன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. பதிவு உள்ளே இருக்கும் மெமரி கார்டில் விழட்டும்.

இந்த வகையில் ஒரு குறை உண்டு. உடல் சூட்டை வைத்துத்தான் சென்சார் ஆளைக் கண்டுபிடிக்கிறது. எட்டுப் பத்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. கோடையில் காற்றும் உடம்பும் ஒரே சூட்டில் இருக்கும்போது இன்னும் மந்தம். நேராக எதிரே வருபவனை விட, குறுக்கே கடப்பவனைத்தான் அது சட்டென்று பிடிக்கும். விழித்துப் பதிவைத் தொடங்கவும் ஓரிரு நொடி ஆகும். அதனால் கேமராவைத் தடத்துக்குப் பக்கவாட்டில், வண்டி வேகம் குறைக்கும் திருப்பத்தில் வையுங்கள்.

பேனல் தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பேனல் தரும் கரண்ட் பாதாளத்துக்குப் போகும், செல்கள் தொடராகக் கோத்தவை ஆயிற்றே. காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் நிழலைப் பார்த்துவிட்டுக் கம்பம் நடுங்கள். கம்பம் 4 மீட்டராவது இருக்கட்டும். மரத்தில் கட்டாதீர்கள், காற்றில் ஆடி ஆடி வீண் அலாரம் வரும். காய் விழும் இடமும் வேண்டாம்.

தனி பேட்டரி வைத்தே ஆக வேண்டுமென்றால், சார்ஜ் ஆகும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதை மறக்காதீர்கள். நடுவில் 12 வோல்ட் ரெகுலேட்டர் (வோல்ட்டை நிலையாக வைக்கும் கருவி) இல்லாமல் கேமராவை நேராகச் சேர்க்க வேண்டாம். ஒயர் நுழையும் ஓட்டைகளை எல்லாம் சிலிகான் வைத்து அடையுங்கள், எறும்பும் பல்லியும் முதல் மாதமே குடியேறிவிடும். கேமரா முகப்பில் சிலந்தி வலை பின்னினால் ராத்திரி விளக்கில் அது வெள்ளையாக ஒளிரும், ஆள் தெரியமாட்டான். தண்ணீர் பாய்ச்சப் போகும்போதெல்லாம் நீளக் குச்சியில் துணி கட்டி ஒரு துடைப்புத் துடையுங்கள்.